பயப்படுகிறவளின் பூசாரி

அன்றைக்கு மேட்டம்மா கல்லடியில் இருந்தவர்கள் ஆறு பேர். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் சொருகியிருந்த பெரியவர், நிற்கிறவளின் பூசாரி. தோட்டத்தில் பெரிய கான், அதாவது வடிகால், வெட்டுகிற தம்பி, ஓடுகிறவளின் பூசாரி. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட கொழுந்துக்காரிகள் இரண்டு பேர், மூடுகிறவளின் பூசாரிகள். பயப்படுகிறவளின் பூசாரி நான். ஆறாவது என் புருஷன். அவர் பூசாரி இல்லை, எனக்குக் குடை பிடிக்க வந்தவர். நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளின் நாயும் கூட வந்தது, ஆனால் பாதி வழியிலேயே திரும்பிவிட்டதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மேட்டம்மாவைப் பற்றி வெளி ஆட்களுக்குச் சொல்லும்போது, மலைமேல் இருக்கிற சாமியா என்று கேட்பார்கள். மலைமேல் இல்லை. மலையே அவள்தான். நோர்வூட் டவுனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், இருபத்திரண்டு வீடுகளுக்கு முதுகுப்பக்கம் எழும்பி நிற்கிற மலை. கீழே மாரியம்மன் கோயில் இருக்கிறது, அங்கேயும் போவோம். வேதக்கார வீடுகள் நாலு இருக்கின்றன. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் மேட்டம்மாவுக்கும் ஒரு தேங்காய் கொடுப்பார்கள். அவள் அடியில் தூங்குகிற எல்லாரும் அவளுடைய ஆட்கள்தான்.

ஒருத்திதான், ஆனால் நாலு விதமாக இருப்பாள். அதற்கு நாலு கல். நிற்கிறவள் இத்தனை தேயிலையையும் எங்களையும் சுமந்துகொண்டு அசையாமல் இருப்பவள். அவள் பூசாரிப் பட்டம் கவ்வாத்துக்காரர் வீட்டில் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மழைக்காலத்தில் மண் சரியுமா என்று தெரிய, அவர் மலையில் ஒரு அலவாங்கை, கடப்பாரையை, நட்டு வைத்து, அது சாய்கிறதா என்று பார்ப்பார். ஓடுகிறவள் தண்ணீர். பெரிய கானை யார் வெட்டுகிறார்களோ அவர்தான் அவளுக்குப் பூசாரி. கான் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்து நிறம் பார்ப்பார். மூடுகிறவள் பனி. அவளுக்கு எப்போதும் இரண்டு பெண்கள். பனிக்குள் ஒரு வெள்ளைத் துணியை ஆளுக்கொரு முனை பிடித்து விரித்து, பனி துணிக்கு மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று சொல்வார்கள்.

நாலாவது கல் சின்னது, ஆட்டுரல் அளவுதான் இருக்கும். பயப்படுகிறவளுக்கு அடையாளம் ஒன்றும் கிடையாது. அலவாங்கு இல்லை, கோப்பை இல்லை, துணி இல்லை. அவளுக்குப் பூசாரி மட்டும்தான்.

அந்தப் பூசாரியை எடுக்கிற விதம் இது. பழைய ஆள் செத்துப்போனால், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் கல்லடியில் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிறவளின் பூசாரி பின்னால் வந்து, ஒவ்வொருவர் பிடரியிலும் ஒரு பிடி ஈரமண் போடுவார். யார் ஓடுகிறார்களோ அவர்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கழுத்தில் மண் விழுந்தபோது நான் ஓடினேன். சும்மா ஓடவில்லை. படிகளில் இறங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டி, ரோட்டுக்குப் போய், அந்த நேரம் வந்த பஸ்ஸில் ஏறி நோர்வூட்டில்தான் இறங்கினேன். கையில் காசு இல்லை. கண்டக்டர் என் கழுத்து மண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா விட்டார். பின்னாலேயே ஒரு ஆட்டோவில் மாலையோடு வந்து என்னைக் கூட்டிப்போனார்கள். அன்றிலிருந்து நிற்கிறவளின் பூசாரிக்கு நான் ‘பஸ்ஸு பூசாரி’.

நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஆற்றுக்கு மேலே பலகைப் பாலம் ஒன்று இருந்தது. ஆறாம் வகுப்பில் அதில் ஒரு பலகை போய்விட்டது. மற்றப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். நான் போகவில்லை, அதோடு என் படிப்பு முடிந்தது. இப்போதும் கொழுந்து எடுக்கும்போது, அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, புருஷனுக்கு ஏன் அந்த இருமல், கொழும்பில் கடையில் நிற்கிற மகள் நேற்று ஏன் போன் எடுக்கவில்லை என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பயம். அதனால்தான் இந்தப் பட்டம் எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. எது அவளுடைய பயம், எது என்னுடையது என்று எப்படித் தெரியும்? யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

பயமாக இருக்கிறது என்று நான் ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்வேன், அது கணக்கில் வராது. நாலாவது கல்லில் கை வைத்து “வாங்க, போவோம்” என்று சொன்னால்தான் கணக்கு. சொல்லிவிட்டால் மற்ற மூன்று பூசாரிகளும் என்ன அடையாளம் பார்த்திருந்தாலும் செல்லாது. இருபத்திரண்டு வீடும் கிளம்ப வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஆனால் கூட்டிப்போகிறவள், போன இடத்தில் எல்லாருக்கும் முதல் சாப்பாட்டைத் தன் காசில் போட வேண்டும். அதில் வேறு யாரும் ஒரு சதம் பங்கு போடக்கூடாது. எட்டு வருஷமாக நான் அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை. விளக்கு வைக்கும்போதுகூடக் கை படாமல் வைப்பேன்.

அன்றைக்கு மழை பிடித்து நாலாவது நாள். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து, அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு விட்டுவிட்டார்கள். மத்தியானம் மூன்று மணிபோல ஆறு பேரும் மேலே ஏறினோம். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கழற்றாமலே அந்த இரண்டு பெண்களும் துணியைப் பிடித்தார்கள். பனி மேலே போனது, அது நல்ல அடையாளம். கான் வெட்டுகிற தம்பி கோப்பையை நீட்டினார். தண்ணீர் கொஞ்சம் தேயிலைச் சாயம்போல இருந்தது, ஆனால் அடி தெரிந்தது. அலவாங்கு நேராக நின்றது. பெரியவர் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“கல்லுமாதிரி நிக்கிறா. போய் தேத்தண்ணி குடிங்க எல்லாரும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “என்ன பஸ்ஸு பூசாரி, ஒனக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?” என்றார்.

துணி பிடித்த இரண்டு பேரில் மூத்தவள் சிரித்துக்கொண்டே, “சும்மா இருங்கண்ணே, அக்கா பாவம்” என்றாள்.

“பாவமா? கீழ ஆட்டோ ஸ்டார்ட் பண்ணுனாலே கூடையப் போட்டுட்டு ஓடுது!”

நானும் சிரித்திருக்க வேண்டும். வழக்கமாகச் சிரிப்பேன். அப்போதுதான் கவனித்தேன், கதவைப் பூட்டினேனா என்ற யோசனை எனக்கு வரவில்லை. காலையிலிருந்தே வரவில்லை. மகளைப் பற்றிய பயம் இல்லை. இருமல் பயம் இல்லை. என் பக்கத்தில் நின்று அவர் இருமுகிறார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. பத்துப் பயமும் எங்கேயோ போய், உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. அது பெரிதாக, அமைதியாக இருந்தது. படபடப்பு இல்லை. என் வயிற்றிலிருந்து வரவில்லை, காலடியிலிருந்து வந்தது. ஈர மண்ணிலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறுவதுபோல.

சொன்னால் தொண்ணூறு பேரை மழையில் இழுத்துப் போக வேண்டும். சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த ஆயிரத்து ஐநூறு ரூபாயைத் தவிர வீட்டில் காசு இல்லை. ஒன்றும் நடக்காவிட்டால் காலத்துக்கும் கேலி. சொல்லாவிட்டால், நடந்துவிட்டால்... அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

“ஏய், என்னா ஆச்சு ஒனக்கு? மூஞ்சி வெளுத்துப்போச்சே” என்றார் என் புருஷன்.

நான் குனிந்து கல்லில் கை வைத்தேன். நாலு நாள் மழையில் நனைந்த கல் சூடாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை, குளிர்ந்துதான் இருந்தது. “வாங்க, போவோம்” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆனால் அவர்களுக்குக் கேட்டது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்னை அத்தனை வருஷமாகக் கேலி செய்த மனுஷர், முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அவிந்துபோக, இரண்டு கையாலும் அலவாங்கைப் பிடுங்கித் தரையில் கிடத்தினார். நிற்கிறவளை அவர் கிடத்தி நான் பார்த்ததில்லை. பிறகு இடுப்புக் கத்தியை உருவி அதன் பக்கத்தில் வைத்தார். தம்பி கோப்பையைக் கவிழ்த்தார். பெண்கள் துணியைச் சுருட்டாமல் நாலாவது கல்லின்மேல் போட்டு மூடினார்கள். எட்டு வருஷமாக இதைச் செய்யக் காத்திருந்தவர்கள்போலச் செய்தார்கள். பெரியவர் என் முன்னால் வந்து தலையைக் குனிந்து, “நீ முன்னால நட ஆத்தா” என்றார். கேலி செய்யாத நேரத்தில் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். நான் முன்னால் நடந்தேன்.

லயத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் முன்னால் வருவதையும், அவர் வெறுங்கையோடு பின்னால் வருவதையும் பார்த்ததே போதுமாக இருந்தது. அடுப்புகளில் தண்ணீர் ஊற்றினார்கள். கதவுகளைத் திறந்தே விட்டார்கள், மலை சரிந்து அவள் வந்தால் இடிக்காமல் போகட்டும் என்று. கைப்பிள்ளைகள், கோழிக் கூடைகள், இரண்டு மாடு, வேதக்கார வீட்டு மாதா படம், பள்ளிக்கூடப் பைகள், யாரோ ஒருவருடைய கேஸ் சிலிண்டர். தொண்ணூறு பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு படி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடியிருப்பேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஏறினோம். பாலம் இப்போது சீமெந்துப் பாலம். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் சாப்பாட்டு யோசனை வந்தது. அந்த நேரம் பார்த்து, பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்க வருகிற பாண் ஆட்டோ கீழ் ரோட்டில் வந்தது. சிங்கள ஆள், எங்கள் தோட்டத்துக்கு தினமும் வருகிறவர். நான் ஓடிப்போய் மறித்தேன். புறப்படும்போது வீட்டிலிருந்து எடுத்துவந்த ஆயிரத்து ஐநூறை நீட்டி, மிச்சத்துக்குக் கடன் கேட்டேன்.

“அக்கே, எத்தன பாண் வேணும்?”

“இருக்கிறது எல்லாம்.”

அவர் மேலே பள்ளிக்கூட வராந்தாவைப் பார்த்தார். பிறகு மழைக்குள் மலையைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். “மேட்டம்மாத?” என்று, மேட்டம்மாவா என்பதை அவர் பாஷையில் கேட்டார். தலையாட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தானே பாண்களை அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு படி ஏறினார். நாற்பத்தொரு பாண், முப்பத்துநாலு மீன் பணிஸ் என்கிற பன். பெரியவர் எனக்கு முன்னால் கையேந்தி ஒரு துண்டு வாங்கினார். எனக்கு அழுகை வந்தது. அவர், “பணிஸு இல்லையா?” என்றதும் சிரிப்பும் வந்துவிட்டது.

மறுநாள் பத்து மணிக்கு மழை விட்டது. மலை அப்படியே இருந்தது. ஒரு பிடி மண் விழவில்லை. கல்லடியில் அலவாங்கு கிடத்திய இடத்தில் கிடந்தது. நான் செத்துவிடலாம்போல நின்றேன்.

“அண்ணே, ஒண்ணும் நடக்கலயே” என்றேன்.

அவர் அலவாங்கைத் தூக்கி மறுபடி நட்டார். “நமக்கா பயம் வந்துச்சு? அவளுக்கில்ல வந்துச்சு. இம்புட்டுப் பேரு மேல விழுந்துடுவோமோன்னு பயந்திருக்கா. நாம எந்திரிச்சுப் போனோம். அவளுக்கு ஆறிப்போச்சு” என்றார்.

ஒரு மலை எங்களுக்காகப் பயப்படும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. அண்ணாந்து பார்த்தேன். அத்தனை உயரம், அத்தனை பாரம், அதற்குள் என்னைப்போல ஒரு நடுக்கம். அன்றிலிருந்து எனக்கு என் பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இப்போது விளக்கு வைக்கும்போது அந்தக் கல்லைத் தொடுகிறேன்.

பாண்காரருக்கு மொத்தம் எட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். பெரியவர் ரகசியமாக ஆயிரம் ரூபாய் கொடுக்கப் பார்த்தாராம், பாண்காரர் வாங்கவில்லை. “அக்கே மட்டும்” என்றாராம். நான் சம்பளத்துக்குச் சம்பளம் ஐநூறு கொடுக்கிறேன். அவர் அதைக் கையில் வாங்க மாட்டார். ஆட்டோவின் கண்ணாடிப் பெட்டிமேல் வைக்கச் சொல்லி, கும்பிட்டுவிட்டு எடுப்பார். முதலில் கொடுத்ததும் இந்த நாலு மாதத்தில் கொடுத்ததும் போக, இன்னும் நாலாயிரத்துத் தொளாயிரத்து அறுபது ரூபாய் பாக்கி.