கறுப்புக் கண்ணாடியில் கால்டர் பள்ளத்தாக்கு

என் தங்கை தபிதா, வலது சுண்டுவிரலைப் பஞ்சாலை எந்திரத்துக்குப் பறிகொடுத்த பிறகும் பென்சிலை விடவில்லை. பள்ளிக்கூடம் போகாமலே மலையையும் மழையையும் காகிதத்தில் கொண்டுவந்தாள். ஆண்கள் மட்டுமே வேலைசெய்த ஹாலிஃபாக்ஸ் நகரத்துக் கல்லச்சுக்கூடத்தில் தனக்கென்று ஒரு மேசை வாங்கினாள். எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

இயற்கைக்காட்சி வரைய வரும் கனவான்கள் எங்கள் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று, கையிலிருக்கும் கறுப்புக் கண்ணாடியில் அதைப் பார்ப்பார்கள். அதற்குள் எல்லாமே ஓவியம்போல் மங்கித் தெரியும். விரிசல் விட்டதென்று ஒருவர் எறிந்துவிட்டுப் போனதைத் தபிதா எடுத்து வைத்துக்கொண்டாள். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதைப் பார்த்தே வரைந்தாள்.

அச்சுக்கூடத்தில் படம் வரைய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வியாழக்கிழமை போனோம். வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி பஞ்சாலைதான். முதலாளி இல்லிங்வொர்த் அவள் படத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஏம்மா, ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கற ஆலையை இந்தக் கரைக்குத் தூக்கிட்டு வந்துட்டியே. ஆலைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆலையின் நாற்பத்திரண்டு ஜன்னல்களையும் எண்ணிச் சரிபார்த்த நான், இதைக் கவனிக்கவில்லை.

“கண்ணாடியில தெரியறதைத்தாங்க வரைவேன். கை அப்படியே பழகிடுச்சு,” என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது.

“கல்லுல இடம் வலமா மாத்தி வரைஞ்சாத்தான் காகிதத்துல நேரா விழும். எங்க ஆளுங்க வருஷக்கணக்கா இதுலதான் திண்டாடுறானுங்க. ஒரு கல்லு தரேன். சனிக்கிழமைக்குள்ள முடி. சரியா விழுந்தா வேலை உனக்கு.”

சனிக்கிழமை காலை முடித்துவிட்டாள். “பேரைப் போடு,” என்றார். அதுவரை கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் அவள் பெருக்கல் குறிதான் போட்டிருக்கிறாள்.

“அக்கா, நீ எழுதிக் காட்டேன்.”

ஞாயிறு பள்ளியில் கற்ற எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கறுப்புக் கண்ணாடிக்கு எதிரே பிடித்து, அதில் தெரிந்தபடியே கல்லின் மூலையில் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள்.

மாலையில் கல்லிலிருந்து காகிதத்தை உரித்தார்கள். ஆறு அதன் இடத்தில் இருந்தது. ஆலை அதன் கரையில் இருந்தது. புகை எங்கே முடிந்து மேகம் எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை. நாங்கள் தினமும் இருமிக்கொண்டே நடக்கும் பாதை, அவை இரண்டும் கலந்த இடத்து வெளிச்சத்துக்குள் ஏறிப்போனது. அச்சாட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

“மேல மூச்சு விடாதீங்கடா, மை காயட்டும்,” என்றார் இல்லிங்வொர்த், தாழ்ந்த குரலில். பிறகு அவளிடம், “திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துடும்மா.”

நான் மூலையைப் பார்த்தேன். எழுத்துகள் நேராக நின்றன: தபிதா சட்கிளிஃப், 1833 மார்ச் 9.