பெரிய கங்காணி மறுபடி யோசித்தது

தோலுரித்த கோப்பிக் கொட்டை தொட்டியில் ஊறிப் புளிக்கும் வாடை, கண்டிச் சீமையில் கம்பளை ஊருக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், அறுவடைக் காலம் முழுவதும் சோற்றிலும் துணியிலும் ஏறியிருக்கும். அந்த வாடையோடு எனக்கு நினைவில் எழுவது 'மறுபடி யோசிக்கிறேன்' என்ற சொல். எடுத்த முடிவைத் திரும்ப எண்ணி, பிழையெனக் கண்டால் மாற்றிக்கொள்வதே அதன் பொருள் என்பர் கற்றோர். எங்கள் பெரிய கங்காணி அதை எப்படி வழங்கினார் என்பதை ஏழு வயதில் கண்டேன்.

அக்காவுக்கு வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாளில் கண் குழிந்துவிட்டது. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பாள் என்றார்கள். மறுநாள் கோப்பி ஏற்றிப் போகும் மாட்டுவண்டியில், ஒரு மூட்டையை இறக்கிவிட்டு அவளைக் கிடத்த இடம் கேட்டார் அப்பா. கங்காணி முடியாதென்றார். அம்மா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். எங்கள் 'லய'க் குடியிருப்பில் நீட்டிய வெற்றிலையை எடுத்தால் கேட்டதைக் கொடுத்தேன் என்று பொருள். மறுப்பவர் தட்டைத் தொடமாட்டார். அவர் இரண்டு வெற்றிலையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "சரி தாயி, மறுபடி யோசிக்கிறேன்" என்றார்.

அப்பாவோ அன்று நண்பகலிலேயே அவளை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கத் துணிந்திருந்தார். அம்மாதான் தடுத்தாள்: "வெத்தலய எடுத்துட்டாருல்ல, விடிஞ்சா வண்டி. மழையில பிள்ளய ஏன் நனைக்கிறீங்க?"

விடியற்காலை பாதையோரம் காத்திருந்தோம். மூட்டைகள் நிறைந்து வந்த வண்டி நிற்கவில்லை. "எங்கிட்ட யாரும் சொல்லலியே மாமா" என்றான் வண்டிக்காரன். அப்பா ஓடிப்போய்க் கேட்டதற்குக் கங்காணி சொன்னார்: "யோசிக்கிறேன்னுதானே சொன்னேன், தாறேன்னு சொன்னேனா? யோசிச்சேன். தொரை ஏசுவாருன்னு பட்டுச்சு. ரெண்டு வெத்தலைக்கு வண்டி கேக்குறியாக்கும்."

அப்பா அக்காவைக் கட்டிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். பேராதனைப் பாலம் தெரியுமுன்பே அவள் கை அவர் தோளிலிருந்து நழுவித் தொங்கியது.

கங்காணி கெட்டவரல்லர், துரைக்கு அஞ்சியவர் என்பார் உண்டு. அஞ்சியவர் முடியாதென்ற முதற்சொல்லிலேயே நின்றிருக்கலாம். அந்த மறுப்பு அக்காவைக் கொன்றிராது. யோசிப்பதாகச் சொன்ன பொய்யே அரைப் பகலையும் ஓர் இரவையும் தின்று அவளைக் கொன்றது.

பின்னர் இலைநோய் விழுந்து கோப்பி அழிந்தது. அச்சரிவுகளில் இன்று தேயிலை நிற்கிறது. பாதையை அகலமாக்கிவிட்டதால், அதன் ஓரத்தில் அக்காவைப் புதைத்த இடம் எதுவென்று என்னாலேயே காட்ட முடியவில்லை. கங்காணியும் போய்ச் சேர்ந்தார். கோயிலில் நாள்தோறும் பதிகம் ஓதும் என்னை, அவருடைய ஆண்டுத் திதிக்கு ஓத வருமாறு அவர் மகன் சென்ற மாதம் அழைத்தான். கூடவே, "பழசை மனசுல வச்சுக்காதீங்க ஐயா. அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றான்.

வரமாட்டேன் என்று அவ்விடத்திலேயே சொன்னேன். வேறோர் ஓதுவாரைத் தேடிக்கொள்ள அவனுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.