பெரியபாளையத்துக் கூட்டத்தில் நான் பாடிய துதி

பிரியமானவர்களே, இந்தச் சாட்சியில் என் பெருமை ஒன்றும் கிடையாது. நான் செய்த தப்பிலிருந்துதான் இது ஆரம்பிக்கிறது.

1968-ஆம் வருடம், ஆடி மாதம். திருவள்ளூர் பக்கம் கூலிக்கு நடவு நடுகிற குடும்பம் எங்களுடையது. அந்த வருடம் மழை பொய்த்தது, வயலில் வேலை இல்லை. ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் அம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். அங்கே வேகவைத்த வேர்க்கடலை விற்றால் அடுப்பு எரியும் என்று கூடையோடு கிளம்பிவிட்டேன். ஞாயிறு ஆராதனைக்கு மட்டம். சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவளே நான்தான்! உடம்பு சரியில்லை என்று உபதேசியாருக்கு ஆள் விட்டுப் பொய் சொன்னேன். நாலு வயது மகள் எஸ்தரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

உச்சி வெயில். ஒருவருக்குக் கடலை அளந்து போட்டுவிட்டுத் திரும்பினேன். பிள்ளை இல்லை.

கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வேப்பிலை கட்டிய பெண்கள், பொங்கல் அடுப்புப் புகை, பம்பை மேளச் சத்தம். பார்க்கிற பிள்ளையெல்லாம் என் பிள்ளையாகத் தெரிந்தது. கோயிலை ஒட்டிய ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு பள்ளமாக எட்டிப் பார்த்தேன். பார்த்த பள்ளத்தையே மறுபடி பார்த்தேன். மாட்டுவண்டிகள் நின்ற தோப்புக்கும் ஆற்றுக்கும் எத்தனை முறை ஓடினேனோ தெரியாது. நின்றால் செத்துவிடுவேன் போல இருந்தது.

ஜெபம் பண்ணினேனா? பண்ணினேன். அது ஜெபமில்லை, சண்டை. "நான் சொன்ன பொய்க்குப் பிள்ளையையா எடுத்துக்குவே?" என்று ஆண்டவரிடமே கத்தினேன். அடுத்த நொடி, "இனிமேல் ஒரு ஞாயிறு தவறமாட்டேன்" என்று கெஞ்சினேன். அதற்கும் மனசு அடங்கவில்லை.

என் கூடைக்குப் பக்கத்தில் வளையல் கடை போட்டிருந்த சரோஜா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அம்மன் பக்தை. காலையில்தான் பழக்கம்.

"இன்னாமே, இப்டி ஓடிக்கினே இருந்தா இன்னா ஆவும்? நீ வேதக்காரிதானே, உங்க சாமிய நெனச்சி ஒரு பாட்டு பாடேன்."

"வயிறு பத்திக்கினு எரியுது. பாட்டு எங்கேந்து வரும்?"

"சந்தோசத்துக்கு மட்டுந்தான் பாடுவீங்களா? நல்லா இருக்குதே உங்க பக்தி!"

சுருக்கென்றது. சபையில் நான் பாடிய அத்தனை பாட்டும் வயிறு நிறைந்த பாட்டுதானோ என்று தோன்றியது. கர்த்தர் எனக்குப் புத்தி சொல்ல ஒரு வளையல்காரியை அனுப்பினார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நடவுப் பாட்டில் ஒருத்தி வரி எடுக்க மற்றவர்கள் பதில் பாடுவோம் அல்லவா? அதே மெட்டில் நானே துதி கட்டியிருந்தேன்; நான் வரி எடுக்க, வீட்டில் உள்ளவர்கள் பதில் பாடுவார்கள். அம்மன் கோயில் கூட்டத்தில் அதைப் பாடினால் அடிப்பார்களோ என்று பயம். இருந்தும் தோப்பின் நடுவில் நின்று வாயைத் திறந்தேன்.

"தந்தவரே உமக்கு நன்றி..."

நன்றி என்ற வார்த்தை நாக்கில் மிளகாயாக எரிந்தது. ஒருவரும் அடிக்கவில்லை. அம்மன் பாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு அம்மாள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்! இரண்டாம் முறை பாடும்போது அழுதேன். மூன்றாம் முறை, "அவள் உம்முடைய பிள்ளை, எங்கே இருந்தாலும் நீர் பார்க்கிறீர்" என்று உள்ளுக்குள் ஒப்புக்கொடுத்தேன். அப்போதுதான் என் மனசின் ஓட்டம் நின்றது.

"காப்பவரே உமக்கு நன்றி..."

"தோத்திரம் ஐயா, தோத்திரம்!"

சின்னக் குரல். வீட்டில் எஸ்தர் பாடுகிற பதில் வரி! பக்கத்து மாட்டுவண்டிக்கு அடியில் வைக்கோலுக்குள் படுத்திருந்தாள். பம்பைச் சத்தத்துக்குப் பயந்து ஒளிந்து, அப்படியே தூங்கிப்போயிருக்கிறாள். அந்த வண்டியைத்தான் அத்தனை முறை ஓடிக் கடந்திருந்தேன்.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? பாடு" என்றாள்.

என் பின்னாலேயே வந்திருந்த சரோஜாவும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, நான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். உபதேசியார் ஒன்றும் திட்டவில்லை. "பாட்டை எடும்மா" என்றார்.

பெரியபாளையத்திலிருந்து திரும்பும் முன் சரோஜா கேட்ட ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை: "கொயந்த கெடைக்காம போயிருந்தா, நாளைக்கும் பாடுவியா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் நெஞ்சைத் தட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் தினமும் காலையில், அந்த நாள் என்ன கொண்டுவரும் என்று தெரிவதற்கு முன்னாலேயே பாடிவிடுகிறேன்.

நீங்கள் எதைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. கொஞ்சம் நின்று ஒரு வரி பாடுங்கள். தொண்டை அடைத்துக்கொண்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வரியை நான் பாடுகிறேன்.