வெட்டி ஒட்டிய முகம்

மாடி வீட்டுப் பிள்ளை நேற்றுச் சாயந்திரம் இறங்கி வந்து, "ஆச்சி, பழைய கல்யாணப் பத்திரிகை கெடந்தா தாங்களேன், வெட்டி கார்டு செய்யணும்" என்றாள். கூடப் படிக்கிறவளுக்குப் பிறந்தநாளாம். கடையில் விற்காத கார்டா என்று கேட்டேன். "கையால செஞ்சாத்தான் ஆச்சி கெத்து" என்று சிரித்தாள். "நீங்க இதெல்லாம் செஞ்சிருக்கியளா?" என்றும் கேட்டாள். "ஆங், சும்மா" என்று சொல்லிவிட்டுத் தகரப்பெட்டியைத் திறக்கப் போய்விட்டேன். யாராவது என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால், இந்த வயதிலும் எனக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும்.

பத்திரிகைகளை அள்ளிக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டேன். பெட்டியை மூடத்தான் முடியவில்லை. உள்ளே இருந்து பசை வாசம் வந்துகொண்டே இருந்தது. மைதா மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டி, இறக்கும்போது பூச்சி அண்டாமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்ட பசை. ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரர் அதைக் கூழ் என்று நினைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, துத்தம் போடுவதற்கு முன்னால்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். அதில் உருப்படியாகக் கற்றது ஒட்டுவதுதான். தீப்பெட்டிப் படம் சேர்த்து நோட்டில் ஒட்டி வரச் சொன்னார்கள் டீச்சர். மற்ற பிள்ளைகள் அந்த வருஷத்தோடு விட்டுவிட்டார்கள். எனக்கு விட முடியவில்லை. தீப்பெட்டிப் படம், புதுச்சேலை மடிப்பில் இருக்கும் லேபிள், போன வருஷத்துக் காலண்டர், எது கிடைத்தாலும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வேன். பேசத் தெரியாதவளுக்குக் கத்திரிக்கோல் நல்ல துணை. கல்யாணமாகி சங்கரன்கோவிலில் இந்தத் தறிக்காரத் தெருவுக்கு வந்தபோது, சீர்ப் பாத்திரத்துக்கு அடியில் அந்த நோட்டும் வந்தது.

மார்கழி பிறந்தால் பொங்கல் வாழ்த்து செய்ய ஆரம்பிப்பேன். நூல் சுற்றி வரும் அட்டையை வெட்டி, அதன்மேல் கரும்பு, பானை, மாடு எல்லாம் ஒட்டி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவேன். ஒரு வருஷம் மாட்டின் கண் கிழிந்துபோயிற்று. சேலை லேபிளில் இருந்த பெண்ணின் கண்ணை வெட்டி அந்த இடத்தில் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது வாசுதேவநல்லூருக்கு, எங்கள் வீட்டுக்காரரின் அக்காவுக்குப் போனது. பொங்கல் கழித்து மதினி வந்தார்கள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, ஒன் மாடு என்னைய மொறச்சுப் பாக்கு. கவுத்து வச்சிட்டுல்லா படுத்தேன்!"

மதினி அப்படித்தான். நல்லா இல்லை என்றால் நல்லா இல்லைதான். முகத்துக்காகச் சொல்கிற பழக்கமே கிடையாது.

கண்ணை மாற்றி வைக்கிற இந்த வேலை எனக்குப் பின்னால் எதற்கு வந்தது என்று சொல்கிறேன். சொல்லிவிட்டால் கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

எங்களுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை, கோமு. கோமதியம்மன் பெயர், இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்புவார்கள். பிரசவத்துக்கு வந்த மதினி மாதக்கணக்காகக் கூடவே இருந்து குளிப்பாட்டி வளர்த்துக் கொடுத்தார்கள். ரத வீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. பிள்ளையை ஒரு படம் எடுப்போமா என்று இவர் கேட்டதற்கு என் மாமியார் பதறிப்போனார்கள். "பச்சப்பிள்ளையப் போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்லே. மூணு வயசு முடியட்டும். தபசுக்கு எடுத்துக்கிடலாம்." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. யாருக்குத்தான் இல்லை அப்போது?

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்னாலேயே காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அதை எழுத என்னால் ஆகாது.

போன பிறகும் கொஞ்ச காலம் முகம் இருந்தது. கண்ணை மூடினால் வரும். ஒரு நாள் காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும்போது மூக்கு வரவில்லை. கண் வருகிறது, வாய் வருகிறது, நடுவில் ஒன்றுமில்லை. சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே கத்திரிக்கோலை எடுத்தேன். மீதி போவதற்குள் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. மளிகை கட்டி வந்த தாள், வாரப் பத்திரிகை, சோப்பு உறை எல்லாவற்றையும் துழாவினேன். விளம்பரத்துப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளையாக, உப்பின கன்னத்தோடு இருந்தார்கள். என் பிள்ளை கறுப்பு, ஒல்லி. காலண்டரில் இருந்த கண்ணனோ நீலம். டீத்தண்ணீரைத் துணியில் தொட்டுத் தொட்டு ஒற்றித்தான் அந்த வெள்ளைக் கன்னத்தைக் கறுக்க வைத்தேன். சோப்பு உறையில் இருந்து மூக்கு, ஒரு டானிக் விளம்பரத்தில் இருந்து வாய்.

இவர் கோமுவின் பேரையே எடுக்க மாட்டார். ஒரு நாள் தறியில் இருந்து வந்தவர் சட்டைப் பையில் கையை விட்டு, பஞ்சுத் தூசியோடு ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினார்.

"ஏட்டி, இந்தக் காதப் பாரு. மடல் இப்படித்தான ஒட்டிக் கெடக்கும்?"

"எங்க எடுத்திய?"

"டீக்கடைப் பேப்பர்ல. கிழிச்சதுக்கு அவன் ஏசிட்டான்."

ஓட்டுக் கேட்டு வந்த யாரோ ஒரு பெரியவரின் காது அது. பிள்ளை முகத்துக்குப் பெரிதாக இருந்தது. இருந்தாலும் ஒட்டிவிட்டேன்.

முடிந்த முகத்தை எடுத்துக்கொண்டு வாசுதேவநல்லூருக்குப் போனேன். மாமியாரும் காலமாகிவிட்டார்கள், கோமுவை அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எங்களை விட்டால் மதினிதானே? காது வந்த கதையைக் கேட்டுக்கொண்டே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"இல்லட்டி. இது கோமு இல்ல."

"எங்கன இல்ல? சொல்லுங்க மதினி."

"அவ சிரிச்சா ஒரு பக்கம் ஏறும்லா. இது வெளம்பரச் சிரிப்பு. காது எந்தக் கட்சிட்டி?"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது எங்கள் இரண்டு பேருக்கும். வீட்டுக்கு வந்து வாயைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டு வேறு தேடினேன். அடுத்த தடவை போனால், புருவம் சரியில்லை. அதற்கடுத்த தடவை நெற்றி. "இல்லட்டி" என்ற அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வருவதற்கே வருஷா வருஷம் பஸ் ஏறினேன். திரும்பும்போது மனசுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டே வருவேன். நெற்றிமேல் நெற்றி, வாய்மேல் வாய் ஒட்டி அந்தத் தாள் பலகை மாதிரித் தடித்துப்போயிற்று. காதை மட்டும் நான் மாற்றவில்லை. இவர் போன பிறகு அதைத் தொடவே மனசு வரவில்லை.

பிறகு நடந்ததுதான் மோசம். கண்ணை மூடினாலும் அந்தத் தாளே வர ஆரம்பித்தது. டீத்தண்ணீர் நிறம், பெரிய காது. நான் பெற்றதை நான் ஒட்டியது மூடிவிட்டது. எவ்வளவு அழுத்திக் கண்ணை மூடினாலும் அதற்கு அடியில் போக முடியவில்லை. போக முயன்று முயன்று தலை வலித்ததுதான் மிச்சம்.

அதற்கப்புறம் எனக்கிருந்த ஒரே பிடி மதினி சொல்லும் "இல்ல". இல்லை என்று சொல்கிறார்கள் என்றால் எதையோ ஒத்துப் பார்த்துத்தானே சொல்கிறார்கள்? அந்த எதுவோ கோமு. அவர்கள் கண்ணுக்குள் என் பிள்ளை ஒழுங்காக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் உண்டு.

போன மாதம் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த மதினி என்னைப் பார்த்து, "யாரு, பால்காரியா?" என்றார்கள். அவர்கள் மருமகள் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போய், "கொஞ்ச நாளா இப்படித்தான் அத்த. என்னையவே தெரியல" என்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் பையில் இருந்து தாளை எடுத்து மதினியின் மடியில் வைத்தேன்.

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏயம்மா, நம்ம கோமுல்லா! எப்பம்ட்டி போட்டோ புடிச்சிய?"

"நல்லாப் பாருங்க மதினி. மூக்கப் பாருங்க. காதப் பாருங்க."

"அவளேதான். காதுகூட அப்படியே இருக்கு, பாரு." தாளைத் தூக்கி முத்தம் கொடுத்தார்கள்.

"பாத்தியளா அத்த, இதையாவது அடையாளம் தெரிஞ்சிருக்கு" என்று மருமகளுக்கு ஒரே சந்தோஷம்.

நான் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அவ இல்ல மதினி. இல்லன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ சொல்லுங்க." அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. பெரிய காதை விரலால் தடவிக்கொண்டு, தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மதினி வாசுதேவநல்லூரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஊட்டினால் கஞ்சி குடிக்கிறார்கள் என்று மருமகள் போனில் சொல்லுகிறாள். இது கோமு இல்லை என்று சொல்லத்தான் இந்த உலகத்தில் இப்போது ஆளில்லை.