முப்பத்தெட்டு செகண்ட்

இது ராத்திரி நடந்ததில்ல. பட்டப்பகல், மத்தியானம் ரெண்டு மணி. அதனாலேயே யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. "தூங்கி எழுந்திருப்ப, கனாக் கண்டிருப்ப"ன்னு என் கூடப்பிறந்த அக்காவே சொன்னா. நான் தூங்கல. மூணு டீ குடிச்சுட்டு கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருந்தேன். இதுல ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லல. புருஷனைக் காட்டிக் கொடுத்தவன்னு என்னைத் திட்டுறவங்க திட்டட்டும், ஆனா கடைசிவரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

நானும் என் வீட்டுக்காரரும் பாட்டுத் தொழில். அவர் மெட்டுப் போடுவார், நான் பாடுவேன், மேடையில மெஷின்களையும் நானே பார்த்துக்குவேன். எங்களுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. பாதிப் பாட்டுல நின்னு மானத்தை வாங்கும். எல்லாமே தனித்தனி மெஷின்தான், நாங்க பெட்டின்னு சொல்லுவோம்.

முக்கியமா ரெண்டு பெட்டி. ஒண்ணு சீக்வென்சர். எந்த நொடியில எது அடிக்கணும்னு உத்தரவு போடும், அதுக்குன்னு சொந்தக் குரல் கிடையாது. இன்னொண்ணு சாம்ப்ளர். நாம காட்டுற சத்தத்தைப் பிடிச்சு வச்சுக்கும், உத்தரவு வந்ததும் அதை விடும். மாமியாரும் மருமகளும்னு வச்சுக்கோங்களேன். நடுவுல ஒரு கேபிள். கேபிளைப் பிடுங்கினா மாமியார் உத்தரவு மருமக காதுல விழாது. எவ்வளவு நிம்மதி!

கல்யாணத்துக்கு முன்னாடி அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். எப்பவும் எதையாவது முனகிக்கிட்டே இருப்பானாம், அதனால சில்வண்டுன்னு பேரு. ஆஸ்துமாக்காரன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, எங்க வீட்டு ரெக்கார்டிங் ரூம்லயே மூச்சு முட்டிச் செத்துட்டான். என் வீட்டுக்காரர் அன்னிக்கு வெளியூர்ல இருந்திருக்கார். திங்கக்கிழமை காலையில பதினோரு மணிக்குத்தான் வந்து கதவைத் திறந்து பார்த்தாராம். அதை அவர் சொல்லும்போதெல்லாம் தேம்பித் தேம்பி அழுவார். ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட பாட்டுங்கதான் பின்னாடி அவர் பேருல மட்டும் வந்துச்சு. அந்தப் பாட்டுங்களாலதான் நாங்க இன்னிக்கு நல்லா இருக்கோம்.

அந்த மனுஷனை நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன். இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

அன்னிக்கு என் சாம்ப்ளர் திடீர்னு செத்துப்போச்சு. மூணு நாள்ல மேடை. அவர் வெளிய போயிருந்தார். அலமாரி மேல பெட்ஷீட் சுத்தி ஒரு பழைய சாம்ப்ளர் கிடக்கும். சில்வண்டோடது. "அது பாழாப்போச்சு, தொடாதே"ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். தொடாதேன்னா தொடுறதுதானே என் பொழைப்பு! இறக்கினேன், தூசி தட்டினேன், ஸ்விட்சைப் போட்டேன்.

பளிச்சுன்னு எரிஞ்சுது. நல்லா இருக்கிற மெஷினைப் போய் பாழாப்போச்சுன்னு சொல்லியிருக்காரேன்னு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு.

ரெக்கார்டிங் ரூமுக்குள்ள கொண்டு போனேன். ஜன்னல் இல்லாத ரூம். கதவுல ரப்பர் பட்டை, சாத்தினா 'ப்ஸ்ஸ்'னு காத்து இறங்குற சத்தம் வரும். அப்புறம் வெளிச் சத்தம் ஒண்ணும் உள்ள வராது.

மணி 2.20. மைக்கை மாட்டி ரெண்டு கை தட்டினேன். முதல் பட்டன்ல பதிவாச்சு. அமுக்கினேன். 'பட் பட்'னு திருப்பித் தட்டுச்சு. மேசையில தட்டினதை ரெண்டாவது பட்டன்ல வச்சேன். சாவிக்கொத்தைக் குலுக்கி மூணாவதுல வச்சேன். கேபிளைச் செருகி, சீக்வென்சர்ல ஒரு சின்னத் தாளம் போட்டு ஓட விட்டேன். ஜோரா இருந்துச்சு.

2.34. தாளத்தோட நாலாவது சுத்துல ஒரு சத்தம் கூட வந்துச்சு.

மூச்சு. யாரோ உள்ள இழுக்கிற மூச்சு.

எனக்குப் பயம் வரல, என் மேலயே கோவம் வந்துச்சு. ஏன்னா இது நாங்க எல்லாருமே பண்ற தப்பு. சீக்வென்சர் பதினாறு சேனல்ல பேசும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனி வழி மாதிரி. சாம்ப்ளர் தன் சேனலை மட்டும் கேக்கணும். 'எல்லாச் சேனலும்'னு இருக்கிறதை மாத்த மறந்துட்டா, அடுத்த பெட்டிக்குப் போற உத்தரவுக்கெல்லாம் இது முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறக்கும். தலையில அடிச்சுக்கிட்டு செட்டிங்கைப் பார்த்தேன்.

ஒண்ணாம் சேனல் மட்டும்தான் இருந்துச்சு. சரியாத்தான் வச்சிருக்கேன்.

சரி, கை தட்டும்போது என் மூச்சே பதிவாகியிருக்கும். அழிச்சுட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு மறுபடியும் தட்டினேன். ஓட விட்டேன்.

2.41. மூச்சு வந்துச்சு. இந்தத் தடவை விசில் மாதிரி ஒரு இழுப்பு. ஆஸ்துமாக்காரங்க இழுப்பாங்களே... அது. பின்னாடியே நாற்காலி 'கிர்ர்'னு நகர்ற சத்தம்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அசையல.

சீக்வென்சரை நிறுத்தினேன். தாளம் நின்னுச்சு. இழுப்பு நிக்கல.

2.46. கேபிளைப் பிடுங்கினேன்.

இழுப்பு... கிர்ர்... இழுப்பு... கிர்ர்...

உத்தரவு போட ஆளில்ல. இது பாட்டுக்குப் பேசுது.

அப்பதான் பார்த்தேன், பதினாறாவது பட்டன்ல விளக்கு எரியுது. நான் அதுல ஒண்ணுமே வைக்கல. ஸ்கிரீன்ல நீளம் போட்டிருந்துச்சு. முப்பத்தெட்டு செகண்ட்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இந்த ரகச் சாம்ப்ளர்ல எதையும் ஃப்ளாப்பியில சேமிக்கலைன்னா, ஸ்விட்சை அணைச்ச மறு நிமிஷமே எல்லாம் அழிஞ்சிரும். இது ஆறு வருஷமா அலமாரி மேல அணைஞ்சு கிடந்தது. உள்ள ஒரு சத்தம்கூட இருக்க வழியில்ல.

ஓடிப்போயிருக்கலாம். எந்தக் கிறுக்குல அமுக்கினேனோ...

அமுக்கினேன்.

முதல்ல ஒரு முனகல். ராகம் மாதிரி. என் வீட்டுக்காரரோட பழைய வீடியோவுல கேட்டிருக்கேன். சில்வண்டு.

முனகல் பாதியில அறுந்துச்சு. இருமல். இழுப்பு. நாற்காலி. 'தொம்'.

"இன்ஹேலர்... இன்ஹேலர்..."

'ப்ஸ்ஸ்.'

கதவு! திரும்பிப் பார்த்தேன். என் கதவு சாத்தியேதான் இருந்துச்சு. சத்தம் பெட்டிக்குள்ள இருந்து வந்தது.

காலடி. நாலு எட்டு. நின்னுச்சு.

"டேய்... வந்துட்டியா... மேசை மேல... எடுடா..."

யாரும் எடுக்கல.

"டேய்..."

யாரோ தொண்டையைக் கனைச்சாங்க. ரெண்டு தடவை.

'டக்.'

அவ்வளவுதான்.

ஸ்கிரீனைப் பார்த்தேன். இன்னும் மூணு நிமிஷத்துக்கு இடம் இருக்குன்னு காட்டுச்சு. அப்போ இடம் நிரம்பி அது தானா நிக்கல. ஒரு விரல் ஸ்டாப்பை அமுக்கியிருக்கு. அவன் தரையில கிடந்து கெஞ்சும்போது, ஒரு ஆள் நின்னு, குனிஞ்சு, ஸ்டாப்பை அமுக்கியிருக்கான்.

ஃப்ளாப்பியைத் தேடி எடுத்துச் செருகினேன். 'சேமி'யை அமுக்கினேன்.

2.58. ஸ்கிரீன் அணைஞ்சுது.

திரும்பப் போட்டேன். எல்லாம் காலி. நான் தட்டின கைதட்டல்கூட இல்ல.

வெளிய ஓடிவந்து அவருக்குப் போன் போட்டேன்.

"சில்வண்டோட பழைய சாம்ப்ளரை எடுத்தேன்."

தொண்டையைக் கனைச்சார். ரெண்டு தடவை.

"அது வேலை செய்யாதே."

"செஞ்சுது."

"அணைச்சிடு. நான் வரேன்."

3.30க்கு வந்துட்டார். எப்பவும் ஒரு மணி நேரம் ஆகிற தூரம். நான் கேட்டதையெல்லாம் சொன்னேன். கனைச்சதை மட்டும் சொல்லல. பொறுமையா கேட்டார். "பழைய பெட்டிம்மா, கண்ட சத்தமும் வரும். நீயும் மூணு நாளா சரியாத் தூங்கல"ன்னு என்னைச் சேர்த்து அணைச்சுக்கிட்டார். யாருக்குத்தான் தொண்டையைக் கனைக்கத் தெரியாதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். சத்தியமா நம்பத்தான் ஆசைப்பட்டேன். "நாளைக்கே இதைப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடறேன்"னு அவர் சொன்னது மட்டும் என்னை உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

மறுநாள் அவர் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி சாம்ப்ளரைத் தூக்கிக்கிட்டு, எங்க தொழில்காரங்க எல்லாரும் போற மெக்கானிக் கடைக்குப் போயிட்டேன். கடை திறக்கிற வரைக்கும் வாசல்லயே நின்னேன்.

மெக்கானிக் ஸ்விட்சைப் போட்டார். 'மெமரி இல்லை'ன்னு காட்டுச்சு. என் வீட்டுல அப்படி ஒரு எழுத்தே வரல. நாலு ஸ்க்ரூவைக் கழட்டி மூடியைத் தூக்கினார்.

"இதுல மெமரி போர்டே இல்லையேம்மா. ரெண்டு ஸ்லாட்டும் காலி."

"நேத்து ஓடுச்சுண்ணே. கை தட்டிப் பதிவு பண்ணேன், திருப்பித் தட்டுச்சு."

"வாய்ப்பே இல்ல. போர்டு இல்லாம இது ஒரு செகண்ட் சத்தத்தைக்கூட வச்சுக்காது."

அப்போ என் கைதட்டலைத் திருப்பித் தட்டினது யாரு? அதுக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

மெக்கானிக் மூடியைத் திருப்பிப் பார்த்துட்டு, "அட, நம்ம கை பட்டதுதான்"ன்னார். அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் என்ன வேலை, என்னிக்கு, எத்தனை மணின்னு எழுதி மூடிக்கு உள்பக்கமா ஒட்டிடுவார். பின்னாடி யாரும் வந்து சண்டை போடக் கூடாதுன்னு.

"இது நல்லா ஞாபகம் இருக்கு. உங்க வீட்டுக்காரர்தான் கொண்டு வந்தாரு. எல்லாரும் மெமரி கூட்டத்தான் வருவாங்க. கழட்டச் சொல்லி வந்தவரு அவரு ஒருத்தருதான். ஆஃப் பண்ணினாலே எல்லாம் அழிஞ்சிரும் சார்னு சொன்னேன். கேக்கல. கழட்டுங்கன்னு பக்கத்துலயே நின்னு, ரெண்டு போர்டையும் கையோட வாங்கிட்டுப் போனாரு."

மூடியை என் பக்கம் திருப்பினார். அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். வருஷா வருஷம் அந்த நாள்ல அவர் பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டார். சில்வண்டு செத்துக் கிடந்ததைப் பார்த்த அதே திங்கக்கிழமை. கீழே மணி எழுதியிருந்தது.

காலை 9.10.

பதினோரு மணிக்குத்தான் கதவைத் திறந்தேன்னு எத்தனை தடவை என் மடியில படுத்து அழுதிருக்கார்... ஒவ்வொரு தடவையும் நான் அவர் தலையைக் கோதி விட்டிருக்கேன்.