நரியாருக்கு வடைமாலை

வைரவரின் வாகனம் நாய். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதில் சந்தேகமில்லை. அதனால்தான், ஜெர்மனியில் எங்கள் அகதி விடுதிக்குப் பின்னாலிருந்த பூங்காவில், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய இரண்டு கல் நாய்களைக் கண்டதும் என் அறையில் இருந்த அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டார்.

"தம்பி, வைரவர் எங்களுக்கு முன்னமே வந்திட்டார்!"

"அவருக்கு விசா குடுத்திட்டாங்களோ அண்ணை?" என்றேன்.

ஆளுயரம்கூட இல்லாத மரக்கோயில். முன்னால் கதவில்லாத ஒரு சிவப்பு வாசல். யாரோ ஆலை முதலாளி ஜப்பானிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம். கொடுத்து வைத்த கோயில். 'ஏன் வந்தாய், எந்த வழியால் வந்தாய்' என்று அதை ஒருவரும் மூன்று மணி நேரம் குடையவில்லை.

எங்களைக் குடைந்து முடித்திருந்தார்கள். முடிவுக் கடிதம் வரவேண்டும். மாட்டோம் என்று எழுதினால் திரும்பிப் போகவேண்டியதுதான். எனக்கு அந்தப் பயத்தில் சோறு இறங்கவில்லை. அதை மறைக்கத்தான் இந்த நக்கல் வாய். அண்ணையோ காலையில் கோயிலை மூன்று தரம் சுற்றுவார். விசா கிடைத்தால் வடைமாலை சாத்துவதாக நேர்த்தியும் வைத்துவிட்டார்.

ஒரு காலை, ஜப்பான்காரி ஒருத்தி அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். அண்ணை தனக்குத் தெரிந்த ஜெர்மனில் "நல்ல நாய்" என்று பாராட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாயில்லையாம், நரியாம். நரியும் சாமியில்லையாம், நெல்லுக்கான சாமியின் தூதுவராம். அவளுடைய ஊரில் தெருவுக்குத் தெரு இப்படி ஒன்று உண்டாம். கமக்காரன் விளைச்சல் கேட்பான், கடைக்காரன் வியாபாரம் கேட்பான். இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கை தட்டினால் சாமி திரும்பிப் பார்க்குமாம். ஊரில் அவள் கும்பிட்டதே இல்லையாம். இங்கே வந்த பிறகுதான் வாரம் தவறாமல் கூட்டுகிறாளாம்.

"போச்சுடா! ஒண்டரை மாசமா நரியைச் சுத்தியிருக்கிறியள் அண்ணை. சோத்துச் சாமியிட்ட விண்ணப்பம் குடுத்தால் சோறுதான் வரும், விசா வராது."

"அதுக்கென்ன, அவர் வைரவரிட்டச் சொல்லிவிடுவார்."

கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. என்னை ஏற்றுக்கொண்டார்கள். அண்ணையை மாட்டோம் என்றுவிட்டார்கள். அப்போதும் என் சனியன் பிடித்த வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கட நரி ஆளை மாத்திப்போட்டுது அண்ணை."

"மாத்தேல்லை. உம்மட பேரிலதானே நேந்தனான். நீர் சாப்பிடாமல் எழும்பிறதை நான் பாக்கிறனான்தானே."

"அப்ப உங்களுக்கு?"

"முதன்முதல் பழகிற ஆளிட்ட ரெண்டு அலுவல் கேக்கிறது வடிவில்லை, தம்பி."

துருக்கிக்காரர் கடைப் பருப்பில் நானே வடை சுட்டேன். பாதி உடைந்தது. மிச்சத்தை அண்ணை நூலில் கோத்து நரியாரின் கழுத்தில் போட்டார். கோபிப்பாள் என்று நினைத்த ஜப்பான்காரி கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். நரிக்குப் பொரித்த பண்டம் என்றால் உயிராம். அவர்கள் ஊரில் சோயாக் கட்டியைப் பொரித்து வைப்பார்களாம்.

நான் சப்பாத்தைக் கழற்றினேன். புல்லில் உறைபனி. இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கை தட்டினேன். இரண்டு தரம் காணாது என்று பட்டது. திரும்பவும் தட்டினேன்.

"மெல்லத் தட்டும், கை நோகப்போகுது," என்றார் அண்ணை.

அவர் மேல்முறையீடு செய்ய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. நான் நிறுத்தவில்லை.