நெதெல்கா அறுக்கச் சொன்ன சுவர்

பெர்னிக் நகரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் எங்கள் எட்டுமாடிக் கட்டடம், தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒட்டுப்போட்ட போர்வையைப் போலத் தோன்றும். இரண்டாம் மாடியில் ஒரு மஞ்சள் சதுரம், ஆறாம் மாடியில் ஓர் ஆரஞ்சுச் சதுரம், மற்ற இடமெல்லாம் வெறும் சாம்பல் காங்கிரீட். கையில் காசு சேர்ந்தவர், கயிற்றில் தொங்கி வேலை செய்யும் ஆட்களை வரவழைத்துத் தன் வீட்டு வெளிச்சுவருக்கு மட்டும் குளிர் தடுக்கும் நுரைப்பலகை ஒட்டிப் பிடித்த வண்ணத்தைப் பூசிக்கொள்வார். தன் வீட்டு எல்லையோடு குளிர் நின்றுவிடும் என்பது அவரவர் நம்பிக்கை. ஐந்தாம் மாடியின் வடக்கு மூலையில், சாம்பல் பகுதியில், நெதெல்கா ஸ்தாமென்கோவாவின் வீடு இருந்தது.

இளவயதில் மலைக் கிராமத்திலிருந்து எஃகு ஆலைக்கு வேலைக்கு வந்தவர் அவர். பளுதூக்கி இயந்திரத்தின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்பவர்களின் கையசைவைப் பார்த்தே இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டினார். சுரங்கத் தொழிலாளியான லூபெனைக் கல்யாணம் செய்துகொண்டார். சுரங்க நிர்வாகம் ஒதுக்கிய வீடுதான் இது. ஓய்வு பெற்றபின் எங்கள் நுழைவாயிலைச் சேர்ந்த வீடுகளுக்குப் பொறுப்பாளராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வராததும் அதற்கு ஒரு காரணம். எரியாத விளக்கை மாற்றுவது, மின்தூக்கி ஆட்களோடு சண்டையிடுவது, மாடிப்படியில் சிகரெட் துண்டு போடுபவரைப் பெயர் சொல்லித் திட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

அவருடைய படுக்கையறையின் மூலைச் சுவரில் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கறுப்புப் பூஞ்சை படரும். சனிக்கிழமைதோறும் அவர் ஏணி போட்டு ஏறி, வெளுப்புநீரில் நனைத்த துணியால் கூரையிலிருந்து தரைவரை துடைப்பார். அடுத்த சனிக்கிழமைக்குள் அது திரும்ப வந்துவிடும். லூபெனின் நுரையீரலில் ஏற்கெனவே நிலக்கரித் தூசு படிந்திருந்தது. மூன்று குளிர்காலங்களாக அவர் மருத்துவமனைக்குப் போய்வந்தார். "மருந்து நான் தர்றேன். ஆனா அந்த அறைல இன்னொரு குளிர்காலம் படுத்தா மருந்து கேக்காது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வீட்டில் இன்னோர் அறை இருந்தது. ஆனால் அதில் படுக்கையறையைவிடக் குளிர் அதிகம். மகன் கிரிலுக்குப் பெண் பார்த்தபோது, இளந்தம்பதிக்குத் தனி அறை வேண்டும் என்று நெதெல்கா அடுப்பைப் பால்கனிக்கு மாற்றினார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். பால்கனியைக் கண்ணாடியால் மூடிச் சமையலறையாக்கி, பழைய சமையலறைக்கும் பால்கனிக்கும் இடையில் இருந்த சுவரை அறுத்து நீளமான ஓர் அறையாக்குவார்கள். லூபென் சுரங்கத்திலிருந்து ரம்பம் இரவல் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறுத்தார். அந்த அறையில் கிரிலும் மனைவியும் ஒரே ஒரு குளிர்காலம் இருந்தார்கள். பிறகு ஸ்பெயினுக்குப் போய்விட்டார்கள். போட்ட வெப்பமெல்லாம் கண்ணாடி வழியே வெளியேற, அறை வெறுமையாகக் கிடந்தது.

இந்த நிலையில்தான் அரசுத் திட்டம் வந்தது. கட்டடம் முழுவதையும் ஒரே போர்வையாகப் போர்த்தி, சன்னல்களையும் மாற்றித் தருவார்கள். உரிமையாளர்களுக்குச் செலவில்லை. இரண்டு நிபந்தனைகள்தாம்: ஒரு வீடு விடாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், கட்டடத்தின் வலிமையைப் பொறியாளர் சோதிக்க வேண்டும். முதல் நிபந்தனையைப் பற்றி மட்டுமே நெதெல்கா கவலைப்பட்டார்.

வழக்கம்போல மாடிப்படியில் கூட்டம் நடந்தது. ஆளுக்கொரு படியில் நின்றோம். ஆறாம் மாடி பர்வான் மட்டும் கைதூக்கவில்லை. ஜெர்மனியில் லாரி ஓட்டிச் சம்பாதித்த பணத்தில் அந்த ஆரஞ்சுச் சதுரத்தைப் பூசியவர் அவர்.

"எங்க வீட்டுக்கு ஸ்வெட்டர் போட்டாச்சு அக்கா. அதுக்கு மேல இன்னொண்ணு எதுக்கு?"

"உன் ஸ்வெட்டர் தொப்புளுக்கு மேலயே நின்னுடுச்சேப்பா. அதுக்குக் கீழ நாங்க அம்மணமா நிக்கிறோம்."

படிகளில் சிரிப்பு எழுந்தது. பர்வான் சிரிக்கவில்லை. "சாரம் கட்டி, தூசி கெளப்பி, என் பெயின்ட்டச் சுரண்டுவாங்க. நான் கையத் தூக்கணுமா?"

மறுநாள் நெதெல்கா, வறுத்த குடைமிளகாய் ஜாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போனார். ஜாடியைக் கொடுத்துவிட்டு, பர்வானைக் கையோடு கீழே அழைத்துவந்து, படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார்.

கட்டிலில் சாய்ந்திருந்த லூபென் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "பாத்துக்கோ பர்வான். சுரங்கத்துல ரிட்டையர் ஆயிட்டேன்னு நெனச்சேன். கறுப்புச் சுவரு, ஈரம், இருமலு. ஷிப்ட்டு இன்னும் முடியல."

பர்வான் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் கைதூக்கினார். அன்று மாலை நெதெல்கா எங்கள் எல்லோருக்கும் எங்கள் ஊர்ப் பழச்சாராயமான ரக்கியா ஊற்றினார். அவர் சத்தமாகப் பாடியதை நாங்கள் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

கோடையின் நடுவில் பொறியாளர் வந்தார். இளம்பெண், மரியாதையாகப் பேசுபவர். வீடுவீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நெதெல்காவின் நீண்ட அறையில் அசையாமல் நின்றார். நீட்டிய காபியை அவர் வாங்கவில்லை.

"அம்மா, இங்க சன்னலுக்குப் பக்கத்துல இருந்த சுவர் எங்க?"

"அறுத்தாச்சும்மா. இந்த வரிசைல எல்லாரும் அறுத்திருக்காங்களே."

"அவங்க சன்னலுக்குக் கீழ இருக்கறத மட்டும்தான் எடுத்திருக்காங்க. அது வெறும் மறைப்பு. நீங்க எடுத்தது மேல இருக்கற மூணு மாடியத் தாங்குற காங்கிரீட் பலகை."

"இத்தன வருஷமா ஒண்ணும் ஆகலயே?"

"நிலம் ஆடுன ஊரும்மா இது. மறுபடி ஆடாதுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது. மொதல்ல இதுக்கு இரும்புச் சட்டம் போட்டுப் பலப்படுத்தணும். அதுக்கப்புறம்தான் போர்வையெல்லாம். செப்டம்பர் கடைசிக்குள்ள முடிச்சாத்தான் இந்தச் சுற்றுல சேர முடியும்."

நெதெல்கா பொறுக்கவில்லை. அந்த வாரமே ஒரு கொத்தனாரை அழைத்து, அறுத்த இடத்தைச் செங்கல்லால் அடைத்தார். பொறியாளரைத் தேடிப் பிடித்து அழைத்துவந்து காட்டினார். அந்தப் பெண் சுவரைத் தட்டக்கூட இல்லை. "செங்கல் மறைக்கும்மா. தாங்காது" என்றார். இரும்புச் சட்டத்துக்கு வரைபடம் வேண்டும், வரைபடத்துக்கு நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். அலுவலகத்தில் பாதிப்பேர் கோடை விடுமுறையில் இருந்தார்கள். முதல் பனி விழுந்தபிறகே ஒப்புதல் வந்தது. திட்டத்தில் எங்கள் இடம் அதற்கு முன்பே எதிர்க் கட்டடத்துக்குப் போயிருந்தது.

பர்வான் நெதெல்காவை மாடிப்படியில் நிறுத்தினார். நான் இரண்டு படி கீழே நின்றிருந்தேன்.

"என்னைய ஊர் முன்னாடி கஞ்சன் மாதிரி நிக்க வச்சீங்களே அக்கா. கடைசில எல்லாருக்கும் குளிர வச்சது நீங்கதான்."

பத்து வார்த்தைக்கு நூறு வார்த்தை திருப்பித் தருபவர் நெதெல்கா. அன்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

"விடு" என்று லூபென் சொன்னாராம். "அறுத்தது நான். ரம்பத்தப் புடிச்சது நான்தானே."

"அறுக்கச் சொன்னது நான்."

"அப்ப பாதிப் பாதி."

சனவரியில் லூபெனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிப்ரவரியில் அவருடைய படம் போட்ட மரண அறிவிப்பு நுழைவாயில் கதவில் ஒட்டப்பட்டது. வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்த சவப்பெட்டியின் ஒரு முனையைப் பர்வான் தூக்கி ஐந்து மாடி இறங்கினார். மின்தூக்கியில் பெட்டி நுழையாது.

வசந்தத்தில் நெதெல்கா ஆட்களை வைத்து இரும்புச் சட்டத்தைப் போட்டு முடித்தார். அடுத்த சுற்றில் யாரும் தன்னைக் குற்றம் சொல்லக்கூடாது என்று மட்டும் சொன்னார். அடுத்த சுற்று கோடையில் வந்தது. ஆனால் இம்முறை செலவில் ஒரு பங்கை உரிமையாளர்கள் ஏற்க வேண்டும் என்றார்கள். மாடிப்படியில் கூடினோம். ஓய்வூதியக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். பர்வான் கைதூக்கினார். நெதெல்காவும் தூக்கினார். வேறு ஒரு கையும் எழவில்லை, என் வீட்டாருடைய கையும். நெதெல்கா பொறுப்பாளர் சாவிக்கொத்தைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

எதிர்க் கட்டடம் இப்போது பாலாடை நிறத்தில் ஒரே சீராக நிற்கிறது. லூபென் இறந்து ஆறுமாதமானதற்கான நினைவு அறிவிப்பை நெதெல்கா கதவில் ஒட்டியபோது, அங்கே சாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இலையுதிர்காலம் தொடங்கியதும் அவருடைய மூலையில் கறுப்பு மறுபடி வந்தது. சனிக்கிழமைகளில் அவர் இப்போதும் துணியை வெளுப்புநீரில் நனைக்கிறார். ஏணி மட்டும் எடுப்பதில்லை. கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டு, லூபெனின் தலையணை இருந்த உயரத்துக்குத் துடைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.